தேடிப் போகிறவனை எழுதுவது எப்படி

ஆன்மிகத் தேடலை வைத்து நாவல் எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் பக்கத்திலேயே ஒரு மலையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சு விலகும், குகை வாசலில் ஒரு சாமியார் கண் திறப்பார், நாயகனுக்குள் என்னவோ உடையும், கொஞ்ச நேரத்தில் பேரமைதி, பேரொளி, பேரானந்தம் மூன்றும் வந்து சேர்ந்துவிடும். அப்புறம் மிச்சமிருக்கிற முந்நூறு பக்கத்துக்கு என்ன செய்வது? வாசகருக்கோ இதில் எதுவுமே நடந்திருக்காது. ஒருவனுக்கு அமைதி கிடைத்தது என்று எழுதினால் அது செய்தி, அவ்வளவுதான்.

துப்பறியும் கதையில் ஒரு பிணமாவது இருக்கும், காதல் கதையில் எதிரே இன்னொரு ஆள் இருப்பார். இங்கே நடப்பதெல்லாம் ஒருவனுடைய உள்ளுக்குள். அதனால்தான் பழைய கதைசொல்லிகள் சில வழக்கங்களைப் பிடித்து வைத்தார்கள்: வீட்டைவிட்டுக் கிளம்புதல், வழி, வழித்துணை, குரு, சபலம், நொறுங்குதல், போய்ச் சேருதல், திரும்பி வருதல். இவற்றை வெறும் சடங்காக எடுத்துக்கொண்டால் நாவல் பஜனைப் புத்தகமாகிவிடும். உள்ளே நடப்பதைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற இடத்தில், அதாவது காசில், பசியில், பாதத்தில், இன்னொருவர் கேட்கும் கேள்வியில் கொண்டுவந்து வைப்பதுதான் ஒவ்வொரு வழக்கத்துக்கும் உள்ள வேலை. அது நினைவில் இருந்தால் எந்த வழக்கத்தையும் வளைக்கலாம், உடைக்கலாம், தூக்கியும் போடலாம்.

முதலில் அவனுக்கு என்ன குறை என்று முடிவு பண்ணுங்கள். “நான் யார்” என்ற கேள்வியோடு எந்த மனிதனும் காலையில் எழுந்து கிளம்புவதில்லை, அந்தக் கேள்வி பிறகு வருகிறது. மணிமேகலை எப்படித் தொடங்குகிறாள் என்று பாருங்கள். கோவலனுக்கு நேர்ந்ததை மாதவி பேசக் கேட்டு அழுகிறாள், தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் கண்ணீர் விழுந்து அது பூசைக்கு ஆகாமல் போகிறது, சரி, வேறு பூப் பறித்து வா என்று அம்மா அனுப்புகிறாள். அவ்வளவுதான். பூப் பறிக்கப் போன பெண் அங்கிருந்து மணிபல்லவம், அமுதசுரபி, சிறைச்சாலை, வஞ்சி, காஞ்சி என்று எங்கெங்கோ போய்விடுகிறாள். துறவு பற்றி ஒரு வரி சொல்லும் முன்பே நனைந்த மாலை ஒன்று நம் கையில் இருக்கிறது. உங்கள் நாயகனுக்கும் (நாயகிக்கும், இனி நான் அவன் என்று எழுதும் இடத்திலெல்லாம் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்) அப்படி ஒன்று வேண்டும். அப்பாவின் கடன், கலைந்த கர்ப்பம், ஒரு பொய்ச்சாட்சி, எதுவாகவும் இருக்கட்டும், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியதாக இருக்கட்டும்.

கிளம்பும் காட்சியில் பெரும்பாலும் நள்ளிரவு, தூங்கும் மனைவி, கதவருகே ஒரு கடைசிப் பார்வை என்று எழுதிவிடுகிறோம். புத்தர் கிளம்பிப் போன கபிலவஸ்துவிலிருந்து கடன் வாங்கிய காட்சி அது, நிறையத் தேய்ந்துவிட்டது. அதைவிட உயிருள்ள ஒன்று நம் பக்கத்திலேயே உண்மையில் நடந்திருக்கிறது. 1896 ஆகஸ்ட் மாதம் மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான், பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். அண்ணனுடைய கல்லூரிச் சம்பளம் 5 ரூபாயைக் கட்டப் போகிற சாக்கில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, 3 ரூபாயை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போகிறான். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று கடிதத்தில் மறக்காமல் சொல்கிறான், கையெழுத்து மட்டும் போடவில்லை. ரயிலுக்கு அந்தக் காசு திருவண்ணாமலை வரை போதாமல், கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் துறக்கப் போகிற ஒருவன் 2 ரூபாய்க்குக் கணக்குச் சொல்கிறான் பாருங்கள், அந்த ஒரு விவரத்தில் அவனுடைய நேர்மை, அவசரம், குடும்பத்தோடு இருக்கும் கடைசி இழை எல்லாம் வந்துவிடுகிறது. நீங்கள் எழுதும் காட்சியிலும் அவன் எவ்வளவு பணத்தோடு போகிறான், அது யாருடைய பணம், எந்த ஊரில் தீர்ந்துபோகிறது என்று எழுதிப் பாருங்கள். பாதி அத்தியாயம் தானாக நகரும்.

அப்புறம், விட்டுவிட்டு வந்தவர்கள். இரண்டாம் அத்தியாயத்தோடு அம்மாவும் மனைவியும் காணாமல் போய்விடுகிற நாவல்கள்தான் அதிகம், எனக்கு இதில் தனிக் கோபமே உண்டு. நிஜத்தில் அவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். ரமணரின் தாய் அழகம்மாள் 1898-லேயே வந்து கெஞ்சினார், மகன் பேசாமல் பதிலை எழுதிக் காட்டினார், அந்த அம்மா திரும்பிப் போனார், பல வருடம் கழித்து மலைக்கே வந்து மகனோடு தங்கிவிட்டார். இதில் மூன்று அத்தியாயங்கள் இருக்கின்றன. ஹெர்மன் ஹெஸ்ஸே 1922-இல் வெளியிட்ட ‘சித்தார்த்தா’வில் இதை வேறு மாதிரி செய்கிறார். தொடக்கத்தில் அப்பா சம்மதம் தரும் வரை மகன் ராத்திரி முழுக்க நின்ற இடத்திலேயே நிற்கிறான், அப்பா எழுந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நாவலின் பிற்பகுதியில் அப்படி நின்ற அந்த மகனுக்கே ஒரு மகன் இருக்கிறான், அவன் சம்மதமெல்லாம் கேட்காமல் ஓடிப்போகிறான். கிளம்பும்போது பட்ட கடனைப் பிற்பாதியில் கட்ட வைப்பது இந்த வகை நாவலின் மிக வலுவான வழக்கம். முதல் அத்தியாயத்தை எழுதும்போதே இந்தக் கடன் எங்கே, யார் வழியாகத் திரும்பி வரும் என்று ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், வெறுங்காலில் அதைச் சுற்றினால் கடைசி மூன்று கிலோமீட்டரில் மனம் என்ன நினைக்கும் என்பதைக் வெறும் கற்பனையில் எழுதினால் அது பொய் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். வெள்ளியங்கிரியில் ஏழு மலை, கையில் மூங்கில் தடி, கீழே வியர்த்தவன் மேலே குளிரில் நடுங்குவான். சபரிமலைக்கு மாலை போட்டவனை மனைவியிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள், 41 நாள் விரதத்தில் அவன் பெயரே அவனிடமிருந்து போய்விடுகிறது, மாலையைக் கழற்றிய மறுநாள் அலுவலகத்தில் மேனேஜர் பழைய பெயரில் கத்துகிறார். இதைவிட நல்ல ஆன்மிகக் காட்சியை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். அன்னதான வரிசையில் யார் யாரை முந்துகிறார்கள், செல்போனை எங்கே சார்ஜ் போடுகிறான், செருப்பை எங்கே விட்டான், இதெல்லாம் நாவலுக்குத் தேவை. இந்தக் காலத்துத் தேடலில் செல்போனை ஒளித்து வைக்காதீர்கள். அவன் அதை அணைத்து வைப்பது ஒரு காட்சி, மூன்றாம் நாள் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்ப்பது அதைவிட நல்ல காட்சி.

வழித்துணை இல்லாமல் அனுப்பினால் நாயகன் தனக்குத்தானே பேசியே நம்மைக் கொன்றுவிடுவான். துணையின் வேலை கேள்வி கேட்பது, பசிக்கிறது என்று சொல்வது, திரும்பிப் போய்விடலாமா என்று அரிப்பது. பள்ளிப் பாடத்தில் படித்திருப்போமே யுவான் சுவாங், 7-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து நடந்து வந்து காஞ்சிபுரம் வரைக்கும் பார்த்துவிட்டுப் போனவர், அவருடைய பயணத்தை வைத்து 16-ஆம் நூற்றாண்டில் சீனாவில் ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்று 100 அத்தியாயத்துக்கு ஒரு பெரிய நாவல் எழுதப்பட்டது. அதில் துறவிக்குத் துணையாக ஒரு முரட்டுக் குரங்கு, சாப்பாட்டு ராமனான ஒரு பன்றி, அதிகம் பேசாத இன்னொரு சீடன். ஆபத்து வந்தால் பன்றி உடனே மூட்டையைப் பிரித்துப் பங்கு போடு, நான் மாமனார் வீட்டுக்குப் போகிறேன் என்கிறது. புனித நூல்களைத் தேடிப் போகிற கதையில் இந்தப் பன்றிதான் நமக்கு மிக நெருக்கமான ஆள். துறவியோ நல்லவர், பயந்தவர், எதிரில் இருப்பது அரக்கன் என்று குரங்கு சொன்னால் நம்பாதவர். நான்கு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு மனிதன் கிடைக்கிறான் என்பதை ஆசிரியர் எங்கேயும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. நீங்களும் உங்கள் நாயகனுக்குள் இருக்கும் சந்தேகக்காரனை வெளியே எடுத்து ஒரு தனி ஆளாக்கி, அவனுக்கு வேட்டி கட்டிக் கூடவே அனுப்பிவிடுங்கள்.

குருவிடம் வந்துவிட்டோம். பெரும்பாலான கைப்பிரதிகள் செத்துப்போவது இங்கேதான்.

குரு வந்ததும் ஆசிரியருக்குத் தான் படித்த உபநிடதம், திருமந்திரம், கைவல்ய நவநீதம் எல்லாவற்றையும் கொட்ட ஓர் வாய் கிடைத்துவிடுகிறது. நாயகன் ஒரு வரி கேட்பான், சாமியார் நான்கு பக்கம் பேசுவார், நாயகன் பிரமித்துப்போவான். பெரிய கவிகளே இதில் தடுமாறியிருக்கிறார்கள். மணிமேகலையில் 27-ஆவது காதையில் ஒவ்வொரு சமயவாதியாக வந்து தன் கொள்கையைச் சொல்கிறார், 29-இல் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை இலக்கணத்தையே, அதாவது தர்க்கத்தையே, பாடமாக நடத்துகிறார். தத்துவ வரலாற்றுக்கு அது புதையல், மறுக்கவில்லை. ஆனால் கதை கேட்க வந்தவர்கள் ஆதிரை அமுதசுரபியில் முதல் பிச்சை போட்ட இடத்தையும் எவ்வளவு தின்றாலும் தீராத காயசண்டிகையின் யானைத்தீப் பசியையும்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். சாமர்செட் மாம் 1944-இல் வெளிவந்த ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் இந்தச் சிக்கலைக் குறும்பாகச் சமாளித்தார். நாயகன் லாரி இந்தியாவில் தான் கண்டதைச் சொல்லும் நீண்ட உரையாடலுக்கு முன், இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போனாலும் கதை புரியும் என்று வாசகரிடம் சொல்லிவிட்டு, ஆனால் இது இல்லையென்றால் இந்தப் புத்தகத்தை எழுதத் தகுந்ததாகவே நான் நினைத்திருக்க மாட்டேனோ என்னவோ என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஒருமுறை செல்லும் தந்திரம். நாமும் செய்தால் எடுபடாது.

அப்போ குருவை என்ன செய்வது? முதலாவது, தாமதப்படுத்துங்கள். அவரைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும், ஒருவர் புகழட்டும், டீக்கடைக்காரர் அவருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லட்டும். இரண்டாவது, அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ரமணர் விடியற்காலையில் ஆசிரமச் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கியவர். காய் நறுக்குகிற கையைப் பார்த்துக்கொண்டே நாயகன் கேட்கும் கேள்விக்கு, கத்தரிக்காய்க் காம்பை எறியாதே என்று பதில் வந்தால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார், நாயகனுக்குப் புரிந்ததா இல்லையா என்று யோசிப்பார், யோசிக்க வைத்தாலே வேலை முடிந்தது. மூன்றாவது, அவர் பேசுவது வெயில், பால் விலை, போன வருடத்து மழை பற்றியதாக இருக்கட்டும். தத்துவ வரி வேண்டுமானால் புத்தகம் முழுவதற்கும் மூன்றோ நான்கோ வைத்துக்கொள்ளுங்கள், அதையும் முழு வாக்கியமாக வைக்காதீர்கள்.

நான்காவது கொஞ்சம் கடினம். நாயகன் அந்தக் குருவை விட்டு விலகும் வாய்ப்பை யோசியுங்கள். ஹெஸ்ஸேயின் நாயகன் சித்தார்த்தன் (பெயர் அதுதான் என்றாலும் புத்தர் வேறு, இவன் வேறு) புத்தரையே நேரில் பார்க்கிறான், அவர் உண்மையாகவே ஞானி என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை, ஆனாலும் சேரவில்லை, கூட வந்த நண்பன் கோவிந்தன் சேர்ந்துவிடுகிறான். போலிச் சாமியாரை விட்டு விலகுவதில் நாடகம் ஏதும் கிடையாது, அதை நம் சினிமா நூறு தடவை காட்டிவிட்டது, ஆசிரமத்துக்குப் பின்னால் பணமூட்டை இருக்கும் என்பது வாசகருக்கு முதல் காட்சியிலேயே தெரியும். உண்மையான ஒருவரைக் கண்டுபிடித்த பிறகும் இவர் எனக்கானவர் இல்லை என்று நடப்பவனைத்தான் நாம் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் படிப்போம். இன்னொரு சாத்தியமும் இருக்கிறது: ஆள் அரைகுறை, வாங்கிய காசுக்குக் கணக்கில்லை, ஆனால் அவர் போகிற போக்கில் சொன்ன ஒன்று நாயகனுக்குள் நிஜமாகவே வேலை செய்துவிடுகிறது. இதைத் தமிழில் யாராவது முழு நாவலாக எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.

சபலம். பெண்ணை மாயையாக நிறுத்துவதை விட்டுவிடுங்கள், போதும். ஆசிரமத்தில் இரண்டு வருடம் இருந்தவனுக்கு வரும் நிஜமான சபலம் வேறு: சாமியின் அறைச் சாவி தன்னிடம் இருக்க வேண்டும், வெளியூர்க்காரர்கள் தன்னிடம் முதலில் கேட்க வேண்டும், கும்பிடும்போது நாலு பேர் தன்னையும் சேர்த்துக் கும்பிட வேண்டும். காவி கட்டிய பிறகு வரும் அதிகார ஆசை மண்ணாசை பொன்னாசையைவிடப் பொல்லாதது. எழுதவும் சுவாரஸ்யமானது.

இனி போய்ச் சேரும் இடம். முழு நாவலும் இதற்காகத்தான் என்று வாசகர் நினைத்துக்கொண்டிருப்பார், உங்களுக்கும் கை நடுங்கும். மூன்று பழைய வழிகளைச் சொல்கிறேன்.

சீன நாவலில் அவர்கள் கடைசியாக மலையேறிப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே புத்தரின் சீடர்கள் அன்பளிப்பு ஏதும் உண்டா என்று கேட்கிறார்கள், இவர்களிடம் ஒன்றும் இல்லை, நூல்களை வாங்கிக்கொண்டு இறங்கிப் பாதி வழியில் பிரித்துப் பார்த்தால் எல்லாம் வெள்ளைத்தாள். திரும்பி ஓடிப் புகார் சொன்னால், எழுத்தில்லாத ஏடுதான் மெய்யான ஏடு, உங்கள் ஊருக்கு அது புரியாது, சரி எழுதியதையே கொண்டுபோங்கள் என்று புத்தர் சிரிக்கிறார். துறவி தன் பிச்சைப் பாத்திரத்தைக் கொடுத்து எழுத்துள்ள பிரதியை வாங்குகிறார். அதோடும் விடவில்லை. பட்ட துன்பங்களை எண்ணிப் பார்த்தால் 80 வருகிறது, 81 வர வேண்டும், ஒன்று குறைகிறது. போகும்போது ஆற்றைக் கடக்க உதவிய ஓர் ஆமை, எனக்கு எப்போது மனிதப் பிறவி கிடைக்கும் என்று புத்தரிடம் கேட்டு வா என்று சொல்லியிருந்தது, இவர் மறந்துவிட்டார். கோபத்தில் ஆமை நடு ஆற்றில் எல்லோரையும் கவிழ்த்துவிடுகிறது, புனித நூல்கள் நனைகின்றன, பாறையில் காயவைத்து எடுக்கும்போது கொஞ்சம் கிழிந்தும்போகிறது. ஞானம் பெற்றுத் திரும்புகிறவர் ஓர் ஆமைக்குக் கொடுத்த வாக்கை மறந்தவர்! உச்சக்காட்சிக்குப் பின்னால் ஒரு சின்ன அவமானத்தை வைக்கும் இந்தத் துணிச்சலை நான் வேறெங்கும் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

இரண்டாவது வழி, கண்ணை மாற்றுவது. ஹெஸ்ஸே கடைசி அத்தியாயத்தில் நாயகனின் உள்ளத்தை விட்டு வெளியே வந்து, நண்பன் கோவிந்தன் வழியாக அவனைக் காட்டுகிறார். அடைந்தவன் தன் வாயால் அடைந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டோம், அடையாமல் கிழவனாகிப்போன நண்பன் பார்த்துச் சொன்னால் நம்புகிறோம். மாம் இதை முதல் பக்கத்திலிருந்தே செய்கிறார், லாரியை எப்போதாவது சந்திக்கும் ஒரு எழுத்தாளர்தான் கதை சொல்கிறார், அவருக்கே முழுசாகப் புரிவதில்லை. தன்மையில், நான் என்று, ஞானக்கதை எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இவர்கள் இருவரும் சாட்சி. தன்மையில்தான் எழுதுவேன் என்றால், தேடித் தோற்றவனாக எழுதுங்கள்.

மூன்றாவது அப்பருடையது, எனக்குப் பிடித்தது. பெரியபுராணத்தில் அவர் கயிலையைப் பார்க்கக் காசிக்கு அப்பாலும் நடக்கிறார். கால் தேய்ந்துபோகிறது, கையை ஊன்றிப் போகிறார், கை தேய்ந்தபின் மார்பால் ஊர்கிறார், புரள்கிறார். ஒரு முனிவர் வந்து மனிதரால் ஆகாது, திரும்பு என்கிறார். “மாளும் இவ்வுடல் கொண்டு மீளேன்” என்று மறுக்கிறார். இந்தப் பொய்கையில் முழுகித் திருவையாற்றில் எழுந்து அங்கே பார் என்று கட்டளை வருகிறது, முழுகியவர் காவிரிக்கரையில் எழுகிறார். கதை உத்தியாக இது எவ்வளவு பெரிய விளையாட்டு என்று யோசித்துப் பாருங்கள், உடலையே தேய்த்து நெருங்கிய இடத்தை அடைய விடாமல், சோழநாட்டு ஊரில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அங்கே அவர் என்ன பார்த்தார் என்பது ‘மாதர்ப் பிறைக்கண்ணி’ பதிகத்தில் இருக்கிறது. பிடியோடு வரும் களிறு, பெடையோடு கோழி, குயில், மயில், பன்றி, எருது. ஒவ்வொரு பாட்டிலும் ஏதோ ஒரு ஜோடி நடந்து வருகிறது, “கண்டேன் அவர் திருப்பாதம் கண்டறியாதன கண்டேன்” என்று முடிகிறது. தெருவில் தினமும் போகிற கோழிதான், பார்க்கிற கண் மட்டும் வேறு. உங்கள் நாயகன் கடைசியில் பார்ப்பதையும் இப்படிக் கோழி அளவுக்கு இறக்கிக்கொண்டு வர முடியுமா என்று முயன்று பாருங்கள். ஒரு நிபந்தனை: அதே கோழி, அல்லது அதே தெருக்குழாய், முதல் அத்தியாயத்திலும் இருந்திருக்க வேண்டும், அப்போது அவன் அதைக் கவனித்திருக்கவே கூடாது.

திரும்பி வருவதைச் சிலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், அது ஒரு தேர்வு, தவறில்லை. எழுதுவதாக இருந்தால் திங்கட்கிழமையை எழுதுங்கள். லாரி இருந்த பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு நியூயார்க்கில் டாக்சி ஓட்டலாம் என்று திட்டம் போடுகிறான், போதனை செய்யக் கிளம்பவில்லை. ஊருக்குத் திரும்பியவனிடம் அண்ணன் என்ன கேட்பான், வாடகை பாக்கி என்ன ஆனது, வேலைக்கு மறுபடி சேர்த்துக்கொள்வார்களா, மகள் பேசுவாளா மாட்டாளா, இங்கேதான் அவன் நிஜமாக மாறியிருக்கிறானா என்று தெரியும்.

கடைசியாக, திருத்தும்போது செய்ய வேண்டிய ஒரு வேலை. கைப்பிரதியை எடுத்து அமைதி, ஒளி, வெறுமை, எல்லையற்ற, பிரபஞ்சம், ஆனந்தம், உணர்ந்தான் ஆகிய சொற்களைத் தேடி ஒவ்வொன்றையும் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் ஒரு கை, ஒரு பாத்திரம், யாரோ சொன்ன ஒரு வார்த்தை, அல்லது ஒரு தொகை வர வேண்டும். எதுவும் கிடைக்காத இடத்தில் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டு முன்னும் பின்னும் சேர்த்துப் படித்துப் பாருங்கள், பத்தில் எட்டு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் இரண்டு இடத்தில் பழைய சொல்லையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.